விஸ்கிக்கு மட்டும் வாய் திறந்தவர்

என் வீட்டுக்காரர் ஒரு கல்லுளிமங்கன். இதைத் திட்டாகச் சொல்லவில்லை, அடையாளமாகத்தான் சொல்கிறேன். ஒருவருக்கு மச்சம் இருக்கும், ஒருவருக்கு வழுக்கை இருக்கும், இவருக்குப் பேசாத வாய். அவர் வேலை செய்யும் சலவை ஆலையில் அவருக்குப் ‘பூட்டு’ என்று பேர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் கூப்பிட்டு ஒரு வேளை சாப்பாடு போடுவேன்.

அந்த ஆலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரிலுள்ள ஆஸ்பத்திரி, ஹோட்டல் எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் துண்டும் மேஜைத்துணியும் அங்கேதான் வந்து குவியும். ஒரு ஆள் உள்ளே நின்று குளிக்கிற அளவுக்குப் பெரிய வாஷிங் மெஷின்கள் வரிசையாக ஓடும். அவற்றைத் தாண்டினால் உருளை மெஷின். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்து நீட்டினால், அது கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் இஸ்திரி போட்ட மாதிரி வெளியே வரும். இவர் அந்த உருளைக்கு முன்னால் நிற்கிறவர். அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் எல்லாமே கைஜாடைதான். கட்டை விரலைத் தூக்கினால் சரி. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. அந்தக் கையை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

சாப்பிடும்போது தட்டுக்கு மேலே கையை நீட்டினால் போதும் என்று அர்த்தம். தட்டை ஒரு இணுக்கு முன்னால் தள்ளினால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அர்த்தம். எழுந்து கை கழுவினால் சாப்பாடு முடிந்தது. நான் சமைத்தது நன்றாக இருந்ததா, நாசமாகப் போனதா என்பதற்கு மட்டும் ஜாடை கிடையாது.

எனக்குத் துணிக்கடை மாடியில் ஆல்டரேஷன் கவுண்டர். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்குத் தோள் பிடிப்பது எல்லாம் நான்தான். கண்ணாடி முன்னால் ஆளை நிறுத்திவிட்டு, “தோள்ல பிடிக்குது, இல்ல? இடுப்புல தொளதொளன்னு நிக்குது, இல்ல? பின்னாடி கொஞ்சம் தூக்கிடறேன், சரியா?” என்று நானே சொல்லி நானே ஊசி குத்திவிடுவேன். நிற்கிற ஆள் தலையை ஆட்டினால் போதும். அவர் உடம்புக்கு என்ன தெரிகிறது என்று அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இவரும் அப்படித்தான் ஒரு பேன்ட்டோடு என் முன்னால் வந்து நின்றார். “நீளம்,” என்றார். மீதி எல்லாவற்றையும் நான் பேசினேன். கல்யாணத்தைப் பற்றிக்கூட நான்தான் பேசினேன். மகள் பிறந்தாள், படித்தாள், வேலைக்கென்று வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் போன் செய்தால், “ம். சரி. அம்மாகிட்ட குடுக்கறேன்,” அவ்வளவுதான் அப்பா.

நகை கேட்டேனா, புடவை கேட்டேனா? ஒன்றும் இல்லை. நான் ஆக்கிப் போட்டதைத் தின்றுவிட்டு ஒரே ஒரு வார்த்தை. அதற்காகத்தான் இத்தனை வருஷம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. சரி, இந்த ஜென்மத்துக்கு இந்த வாய் இவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இருந்தபோதுதான் என் தங்கச்சி வந்து சேர்ந்தாள்.

தங்கச்சி பயணிகள் கப்பலில் பார் கவுண்டரில் வேலை பார்த்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடலோடு போனவள். எங்கள் ஊரில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை கிடைத்தது என்று திரும்பி வந்தாள். தங்க இடம் கிடைக்கும்வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று நானேதான் சொன்னேன். என் தையல் மெஷின் இருக்கும் சின்ன அறையில் அவளுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அவள் பெட்டியைத் திறந்தபோது ஸ்வெட்டர்களுக்குள் சுற்றி வைத்த மூன்று ஸ்காட்ச் பாட்டில்கள் இருந்தன.

“அத்தான் குடிப்பாரா அக்கா?” என்று கேட்டாள்.

“ஆலையில யாராவது வேலையை விட்டுப் போனா அந்தப் பார்ட்டியில ஒரு பீர். அதையும் பாதி வெச்சுட்டு வந்துடுவார்,” என்றேன்.

“அப்ப நாக்கு சுத்தமா இருக்கும்,” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அவரை உட்கார வைத்தாள். வயிறு உப்பி வாய் குறுகின இரண்டு சின்னக் கண்ணாடி கிளாஸ்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விரல் கனத்துக்குக் கூட வராமல் கொஞ்சம் ஊற்றினாள். ஐஸ் இல்லை, சோடா இல்லை.

“மூக்கை உள்ள விடாதீங்க அத்தான், சுருக்குனு அடிச்சுடும். மோவாய்க்கு நேரா பிடிங்க. வாயைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கிட்டு மோந்து பாருங்க. ஆங், அப்படித்தான்.”

அவர் மோந்தார். ஒரு வாய் வைத்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஒழிந்தது, இத்தோடு பாட்டிலை மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

“அது கணக்குல வராது. முதல் வாய் நாக்கை எழுப்பி விடறதுக்கு. ரெண்டாவது வாய்தான் ருசி,” என்று சொல்லி, டீஸ்பூனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். “இப்ப கொஞ்சமா எடுத்து, முழுங்காம நாக்கு மேல உருட்டுங்க. அப்புறம் முழுங்குங்க.” அவர் அப்படியே செய்தார். “என்ன தெரியுது?” என்றாள்.

“என்ன தெரியும், தொண்டை எரியறதுதான் தெரியும். வேணாம்னா வெச்சிடுங்க,” என்றேன் நான்.

தங்கச்சி என் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். என் வீட்டில், என் மேஜையில், என்னை. அப்புறம் சும்மா உட்கார்ந்துவிட்டாள். ஃப்ரிட்ஜ் உறுமுகிற சத்தம் கேட்டது. அவரையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், பஸ் எப்போது வந்தாலும் சரி என்று நிற்கிறவள் மாதிரி இருந்தாள். நானாக இருந்தால் அதற்குள் மேஜையைத் துடைத்துப் பாத்திரத்தையும் கழுவியிருப்பேன்.

“விரிப்பு,” என்றார் அவர் கடைசியில். “உருளையை விட்டு வெளிய வர விரிப்பு. காலைல முதல்ல வரது இல்ல. உருளை நல்லா சூடான அப்புறம் வரும் பாரு, கருகப் பார்த்து கருகாம. அந்த வாசனை. அதுக்குப் பின்னால ஏதோ பழத்தோல். ஆப்பிள் தோல் சீவி தட்டுல அப்படியே விட்டா வரது.”

நான் கையில் பிடித்திருந்த கரண்டியோடு நின்றுவிட்டேன். இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அதுவும் ஆப்பிள் தோலைப் பற்றி. அந்த ஆப்பிளை வாங்கி வந்து சீவி நறுக்கித் தட்டில் வைத்தவள் நான். அதற்கு ஒரு வார்த்தை வந்திருக்குமா?

“அப்புறம்?” என்றாள் தங்கச்சி. அவ்வளவுதான் அவள் சொன்னது. அவர் பேசிக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் காலையிலேயே சவரம் செய்துகொண்டு தயாராகிவிடுவார். இரண்டாவது பாட்டிலைத் திறந்தார்கள். ஷெரி என்கிற ஒயின் இருந்த பீப்பாயில் ஊறிய விஸ்கி அது என்று அவள் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “பெரிய விருந்து நடந்த மறுநாள் ஹோட்டல்லேருந்து வர மேஜைத்துணி மூட்டை. திராட்சை, கேக், மெழுகுவத்தி. அவுக்கும்போது எல்லாம் ஒண்ணா வரும்,” என்றார். மூன்றாவது பாட்டில் புகை வாசனைக்காரி. சேற்று மண்ணைக் காயவைத்து எரித்து அந்தப் புகையில் தானியத்தை உலர்த்துவார்களாம். ஆரம்பத்தில் யாருக்கும் பிடிக்காது என்று அவள் எச்சரித்தாள். அவருக்குப் பிடித்தது அதுதான். “ஆஸ்பத்திரி வண்டி. மேல போட்டிருக்கிற துணியைத் தூக்கினா முதல்ல முகத்துல அடிக்கும் பாரு, மருந்தும் டிஞ்சரும். அதுவேதான்,” என்று ஏதோ பழைய சிநேகிதனைத் தெருவில் பார்த்தவர் மாதிரி சொன்னார்.

இருவரும் மேஜையில். நான் சமையலறையில். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு வாய் இருந்தால் என் காது அதில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சொல்லும்.

தப்பாக நினைக்க வேண்டாம். என் தங்கச்சி அப்படிப்பட்டவள் இல்லை. அவருக்கு அதற்கெல்லாம் துப்பும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட எளிதாகப் போயிருக்கும், துடைப்பத்தை எடுத்திருப்பேன். இது அதைவிட மோசம். வெறும் பேச்சு. எனக்கு வர வேண்டிய பேச்சு, வழியில் இவள் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டது. கடையில் ஒரு பெரிய மனிதருக்குக் கால் அளவு எடுக்கும்போது கோபத்தில் ஊசியைக் கொஞ்சம் ஆழமாகவே குத்திவிட்டேன். பாவம், அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு ஞாயிறு அந்த மூன்றாவது பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர் வாசனையைச் சொல்லிக்கொண்டே போய், நடுவில் நிறுத்தி, “கையுறை கருகின வாசனையும் இருக்கு,” என்றார். அவள் வழக்கம்போல், “அப்புறம்?” என்றாள்.

“வேலைக்குச் சேர்ந்த புதுசு. விரிப்போட முனை மடங்கிப் போச்சு. எடுத்து விடலாம்னு விரலை நீட்டினேன். கையுறையை உருளை பிடிச்சுக்கிச்சு. இழுக்குது. நான் கத்தறேன், யாருக்கும் கேக்கல. எதிர்ல இருந்தவன் என் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போய் நிறுத்தற கட்டையை அடிச்சான். கையுறை போயிடுச்சு. கை வந்துடுச்சு. அன்னைலேருந்து கத்தறதுல எனக்கு நம்பிக்கை இல்ல.”

நான் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு நாள் புதுக் கையுறை வாங்க வேண்டும் என்றார். அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு முறை தட்டைத் தள்ளினார். மனுஷனுக்கு இன்றைக்கு நல்ல பசி, நம் கைப்பக்குவம் பிடித்துப்போய்விட்டது என்று நான் பூரித்துப்போனேன். கை போயிருக்க வேண்டிய அன்றைக்கு எதிரே உட்கார்ந்து பரிமாறினவள் நான். எனக்கு ஒன்றும் தெரியாது. இவளுக்கு, கப்பலில் சுற்றிவிட்டு நேற்று வந்தவளுக்கு, எல்லாம் தெரிகிறது.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பாட்டிலில் அப்படி என்ன எழவு இருக்கிறது என்று நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கும் மூக்கு இருக்கிறது. எனக்கும் நாக்கு இருக்கிறது, அவரைவிட நீளமாகவே இருக்கிறது.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அவர் ஆலைக்குப் போய்விட்டார், அவள் ஹோட்டலுக்குப் போய்விட்டாள். கதவைத் தாழ் போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, திருடி மாதிரி அந்தக் கிளாஸ்களில் ஒன்றை எடுத்து வைத்தேன். அவருக்குப் பிடித்த புகைப் பாட்டிலைத்தான் முதலில் எடுத்தேன். மோவாய்க்கு நேரே பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோய், மருந்து குடிக்கிற மாதிரி மடக்கென்று ஊற்றிக்கொண்டேன். அடேயப்பா. காது வழியாகப் புகை வந்திருக்கும். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு இருமி இருமி, இதற்கா இந்த மனுஷன் சவரம் செய்துகொண்டு உட்காருகிறார் என்று வாய்விட்டுத் திட்டினேன்.

ஆனால் விடவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு முதல் பாட்டிலைத் திறந்தேன். சுவர் வழியாகக் கேட்டதெல்லாம் எனக்கு மனப்பாடம். சூடான விரிப்பு, ஆப்பிள் தோல் என்று முணுமுணுத்துக்கொண்டே மோந்தேன். விரிப்பும் வரவில்லை, தோலும் வரவில்லை. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஒரு வாய் வைத்தேன், எரிந்தது. இரண்டாவது வாயை நாக்கில் உருட்டினேன். அவர் சொன்னதைத் தேடித் தேடி அலுத்துப்போய், போய்த் தொலை என்று விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியபோது ஏதோ ஒன்று வந்தது. எனக்குத் தெரிந்த ஒன்று. துணியில் தையல் சாக்பீஸால் கோடு போட்டு, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் லேசாக ஒரு வாசனை எழும்பும். அதுதான். அதோடு தேன் மாதிரி ஒரு தித்திப்பு, பின்னால் மெதுவாக நடந்து வந்தது.

யாரும் பார்க்காத வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாக இருந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது என்றால், இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். அதையும் மெதுவாகக் குடித்தேன். குடித்து முடித்ததும் உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது? சொல்வதற்கு ஆள் இல்லாத வீட்டில் அவ்வளவு வருஷம் நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியதும் மறுபடியும் கோபம் வந்துவிட்டது. எழுந்து கிளாஸைக் கழுவி, துண்டால் பளபளவென்று துடைத்து, இருந்த இடத்தில் இருந்தபடியே கவிழ்த்து வைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க ஒரு தடயம் இல்லை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். ஏதோ ஒரு சாக்கில் நானும் அங்கேயே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி ஊற்றினாள். அவர் கிளாஸைத் தூக்கி மோவாய்க்கு நேரே பிடித்தார். புருவம் சுருங்கியது. கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினார்.

“என்ன தெரியுது?” என்றாள் அவள்.

“எங்க ஆலை. ஹோட்டல் துண்டுக்குக் கடைசி அலசல்ல ஒரு பூ வாசனைத் தண்ணி விடுவோம். அது. விஸ்கியில இல்ல, கிளாஸ்ல,” என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் வீட்டுத் துண்டுகள் எல்லாம் அந்த ஆலையில் கழித்துக் கட்டிய ஹோட்டல் துண்டுகள்தான். இவர் கொண்டுவரும் அந்தப் பூ வாசனைத் தண்ணீரில்தான் நான் அவற்றை அலசுவேன். எங்கள் வீட்டில் எல்லாமே அந்த வாசனைதான் என்பதால் எனக்கு அது வாசனையாகவே தெரியாது.

“நான் துண்டால துடைக்கவே மாட்டேனே. வெந்நீர்ல அலசிக் கவுத்துடுவேன், தானா காயும்,” என்றாள் தங்கச்சி. இருவரும் கிளாஸைப் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தார்கள்.

“உங்க அக்கா குடிச்சிருக்கா,” என்றார் அவர். என்னிடம் இல்லை, அவளிடம். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவருக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கையிலிருந்த துண்டை மேஜையில் வீசினேன். “சிரிங்க. நல்லா சிரிங்க. ஆமா, குடிச்சேன். என்னடா இது, என் கையால ஆக்கிப் போட்டதுக்கு இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை இல்ல, எவனோ எங்கயோ காய்ச்சின தண்ணிக்கு இவ்ளோ பேச்சான்னு பாக்கத்தான் குடிச்சேன். கை உருளைக்குள்ள போச்சாமே? எனக்குச் சொன்னீங்களா? நான் யாரு இந்த வீட்டுல, சமையக்காரியா?” அப்புறம் தங்கச்சி பக்கம் திரும்பினேன். “நீ நாளைக்கே உன் மூட்டையைக் கட்டு.”

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தங்கச்சிக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

“நான் ஒண்ணும் மந்திரம் போடலக்கா. கேக்கறேன், அவ்ளோதான்,” என்றாள்.

“நான் கேக்கலையா? தினம் கேக்கறேன்.”

“நீ எப்படிக் கேப்பே தெரியுமா? ‘எப்படி இருக்கு, நல்லா இருக்கா, காரம் கொஞ்சம் தூக்கலா, இல்ல சரியாத்தான் இருக்கு, இன்னும் போடவா, போதுமா, சரி கையக் கழுவுங்க.’ இதுல எந்தச் சந்துல அத்தான் புகுந்து பேசுவாரு?”

என் குரல், என் கை ஆட்டல், என் கழுத்து வெட்டு எல்லாம் அப்படியே இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு தலையாட்டலாவது வரும் என்று பார்த்தேன். அவர் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு ஹோட்டலிலேயே தங்க அறை கிடைத்திருந்ததாம், என்னிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். இரண்டு நாளில் கிளம்பிவிட்டாள். போகும்போது முதல் பாட்டிலை மட்டும் ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, “இது உனக்கு, அத்தானுக்கு இல்ல. தண்ணி ரெண்டு சொட்டு விட்டுக்கோ,” என்றாள். நான் வாசல்வரைகூடப் போகவில்லை.

ஒழிந்தது பீடை, இனி அந்தப் பேச்சு எல்லாம் எனக்குத்தான் என்று நினைத்தேன். எங்கே? அவர் பழைய கைக்குத் திரும்பிவிட்டார். போதும் என்று கை. இன்னும் என்று தட்டு. அடுத்த ஞாயிறு சவரம் செய்யாமல் அதே நாற்காலியில் வெறும் மேஜையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே அந்தப் பாட்டிலை எடுத்து இருவருக்கும் ஊற்றினேன். கிளாஸை வெந்நீரில் அலசித் தானாகக் காயவிட்டிருந்தேன், அந்த அளவுக்கு இறங்கி வந்திருந்தேன். “சாக்பீஸ் வாசனை வருது பாருங்க, இஸ்திரி போட்டா வருமே, அது. தேன் மாதிரி ஒண்ணு பின்னாலயே வரும். தெரியுதா? தெரியுது, இல்ல?” என்றேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்தக் கட்டை விரலை ஒடித்துவிடலாம் போல இருந்தது. வீட்டை விட்டுப் போன பிறகும் என் தங்கச்சி மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. போகும்போது அவர் வாயையும் அவள் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்கும் கிடைக்காமல், அவளுக்கும் கிடைக்காமல், அந்தப் பேச்சை நானே கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டேனோ என்று பயமாகவும் இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவர் ஆலையிலிருந்து வந்தார். மீன் பொரித்து, உருளைக்கிழங்கு வேகவைத்து, தக்காளி போட்டு ஒரு சூப் வைத்திருந்தேன். வழக்கமாக அவர் சாப்பிடும்போது நான் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு ஏதாவது துடைத்துக்கொண்டிருப்பேன். அன்று தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கெட்ட செய்தி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அவர் முதல் வாய் சூப்பை விழுங்கினார். இரண்டாவது வாய் போகும்வரை காத்திருந்தேன்.

“என்ன தெரியுது?” என்றேன்.

கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். என் தொண்டைக்குள் ஒரு பட்டாளமே வரிசையில் நின்றது. நல்லா இருக்கா, தக்காளி புளிச்சுதா, மிளகு தூக்கலா, ஆறிடுச்சா, சுட வெக்கவா. ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்து உள்ளேயே பிடித்துக்கொண்டேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மாடி வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். இதை என் தங்கச்சி எப்படித்தான் செய்தாளோ, பாதகத்தி.

அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் எடுத்தார். நாக்கில் உருட்டினார். நான் ஆக்கிய சூப்பை. விழுங்கினார்.

“உப்பு பத்தல,” என்றார்.

“இன்னைக்கா?” என்னை மீறி வந்துவிட்டது.

“எப்பவும்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்றுவரை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் அத்தனை தட்டையும் வழித்துத் தின்ற மனுஷன். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தட்டைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் சொன்னது என்னிடம். அவளிடம் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை, என் முகத்தைப் பார்த்து என்னிடம். அந்த முகத்தை அவர் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல், உப்பு டப்பாவை எடுத்து வரலாம் என்று எழுந்தேன்.

“உக்காரு,” என்றார். “நான் இன்னும் சொல்லி முடிக்கல.”